மூடாமல் விட்ட தட்டு

கடலைமிட்டாய் வேர்க்கும். ஐப்பசி பிறந்து கிழக்கிலிருந்து ஈரக்காற்று ஏற ஆரம்பித்தால் போதும், காலையில் ‘டக்’கென்று ஒடிந்த மிட்டாய் சாயங்காலத்துக்குள் நசநசத்து, சுற்றிய தாளோடு ஒட்டிக்கொண்டு, கடித்தால் பல்லோடு இழுபடும். கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புவார்கள். பெட்டி திரும்பி வருகிற அன்று என் அண்ணன் தன் பெண்டாட்டியை, என் மதினியை, அடிப்பான்.

அண்ணனை ‘அவன்’ என்றுதான் எழுதப்போகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வாங்க, போங்க என்று மரியாதை கொடுத்தே வளர்ந்தவள் நான். வாயால் கொடுத்தது போதும். எழுத்திலும் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஏழு வருஷம் அடித்தான். அத்தனை அடியையும் நான் எழுதப்போவதில்லை. அதில் ஒரு நாள் விழுந்த அடி எனக்கு விழவேண்டியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மிட்டாய் ஏன் வேர்க்கிறது என்று எனக்குத் தெரியும். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, கோவில்பட்டியில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், இன்னமும் எடுக்கிறேன். வெல்லத்தைப் பாகு காய்ச்சுகிறோமே, அது வேறொன்றுமில்லை, உள்ளே இருக்கிற தண்ணீரை விரட்டுகிற வேலை. சர்க்கரை மூலக்கூறு எந்நேரமும் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும். தண்ணீர் போய்விட்டால் பக்கத்தில் இருக்கிற இன்னொரு சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒன்றையொன்று பிடித்து இறுகிப்போனதுதான் நாம் கடிக்கிற மிட்டாய். காற்றில் ஈரம் வந்ததோ இல்லையோ, பிடித்ததை விட்டுவிட்டுத் தண்ணீரின் மேல் பாயும். ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். பிணைப்பு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். இரண்டு அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்கிற அசல் பிணைப்புக்கு முன்னால் இதன் பலம் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. அந்த அற்ப இழுப்புக்காகத்தான் என் மதினி அடி வாங்கினாள்.

வீடும் பட்டறையும் எங்களுக்கு ஒன்றுதான். முன்னால் மிட்டாய் போடுகிற கூடம், பின்னால் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, கொல்லை. ஊர் முடிகிற இடத்தில் கரிசல்மேல் கட்டிய வீடு. கரிசலும் மிட்டாய் மாதிரிதான், தண்ணீரைக் கண்டால் விடாது. மழைக்குத் தன் அடுக்குகளுக்குள் இழுத்துக்கொண்டு ஊதிப்போகும், வெயிலுக்குச் சுருங்கி வாய் பிளக்கும். மேலே நிற்கிற சுவர் சும்மா இருக்குமா? என் அறைக்கும் அண்ணன் அறைக்கும் நடுச்சுவரில் உச்சியிலிருந்து தரைவரைக்கும் ஒரு விரிசல். சித்திரையில் சுண்டுவிரல் நுழையும், கார்த்திகையில் மூடிக்கொள்ளும். எப்படி இருந்தாலும் அந்தப் பக்கம் அடி விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும். முதலில் கை. அப்புறம் மிட்டாய் தேய்க்கிற உருளைக்கட்டை. கட்டை விழுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். மந்தமாக, பஞ்சு மூட்டையில் விழுவது போல. இரண்டு வருஷத்தில் எது எது என்று பிரித்துச் சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டேன். இப்படிப் பழகியதற்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

மதினி எட்டயபுரத்துக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்துக்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பருத்தி எடுத்துக் காய்ப்புக் காய்த்த கை. கல்யாணமாகி வந்த ஆறே மாதத்தில் பாகு பதம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டை எடுத்துப் பக்கத்து வாளித் தண்ணீரில் விடவேண்டும்; இறுகியதும் எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டினால் ‘டங்’கென்று சொல்லவேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் மிட்டாய் இழுக்கும், பிந்தினால் கசக்கும். அண்ணன் வைக்கிற பதத்தைவிட அவள் வைக்கிற பதம் சரியாக இருக்கும். அது அவனுக்கும் தெரியும். வினையே அதுதான்.

பட்டறையில் இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுகிற எதற்கும் எங்களிடம் மருந்து அரிசி மாவுதான். பலகையில் தூவுவோம், உருளைக்கட்டையில் தேய்ப்போம், உள்ளங்கையில் பூசிக்கொள்வோம். பாகுக்கும் கைக்கும் நடுவில் மாவு நின்றுகொண்டால் ஒட்டாது. பிசுக்கு பட்ட உடனே கை தானாக மாவுத் தட்டுக்குப் போகும். யோசித்துச் செய்வதில்லை, கொட்டாவி வந்தால் வாய் திறப்பது மாதிரி.

ஒருதடவை, இரண்டாம் வருஷம் என்று ஞாபகம், அவன் கூடத்தில் வைத்தே அவளை அடித்துக்கொண்டிருந்தபோது நான் நடுவில் போய்ப் பேசினேன்.

“அண்ணே, மதினி மேல தப்பு இல்ல. காத்துல ஈரம் கூடிட்டு. வெல்லம் அதை இழுக்குது. நீங்க யாரை அடிச்சாலும் அது இழுக்கத்தான் செய்யும்.”

“ஏட்டி, ஒம் படிப்பை ஒன் டியூசன்ல வச்சுக்க. இவ தட்டை ஒழுங்கா மூடியிருந்தா காத்து எங்கன நொழையும்? மூடாம விட்டுட்டு ஊரு கதை பேசிக்கிட்டு இருந்திருக்கா.”

அவன் சொன்னதில் பாதி சரி. பாகைக் கடலையோடு புரட்டி, பரப்பி, தேய்த்து, வெட்டியதும் தட்டைப் பாலித்தீன் தாளால் இறுக்கி மூடிவிட வேண்டும். ஆறியதும் பொட்டலத்தில் போட்டு சீல் வைத்துவிட்டால் ஈரம் உள்ளே வராது. ஆனால் அவளை அடித்த நாட்களில் பெரும்பாலும் தட்டு மூடித்தான் இருந்தது. பெட்டியைக் கடைக்காரர் திறந்து போட்டிருப்பார். அடி இவளுக்கு விழும். அவள் வீட்டிலிருந்து ஒரு தடவை அவளுடைய அண்ணன் வந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்தார். “ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு கிலோ கடலைமிட்டாயும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

எங்கள் கல்லூரியில் ஒரு பேராசிரியர் அயனிப் பிணைப்பைக் கல்யாணம் என்று சொல்லித்தான் நடத்துவார். சோடியம் ஒரு எலெக்ட்ரானைக் கொடுக்கும், குளோரின் வாங்கிக்கொள்ளும், அப்புறம் ஒன்றை ஒன்று விடவே விடாது என்பார். வகுப்பே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். நான் வாத்தியாரம்மா ஆன பிறகு அந்த உதாரணத்தைத் தொடுவதில்லை. பிடுங்கினவனும் பறிகொடுத்தவளும் அந்தக் காரணத்தாலேயே ஒட்டிக் கிடப்பார்கள் என்பதைப் பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வாய் வராது.

இனி அந்தத் தட்டுக்கு வருகிறேன்.

கார்த்திகை மாதம், சனிக்கிழமை. எனக்குக் காலையிலேயே வகுப்பு. விடியற்காலம் பெய்த மழை ஓய்ந்து, கூடத்துத் தரையெல்லாம் ஈரம் பூத்துக் கிடந்தது. அண்ணன் பாகு இறக்கிக் கொடுத்துவிட்டு விறகு வண்டியைப் பார்க்க வெளியே போய்விட்டான். மதினியும் நானும் ஆறு தட்டு தேய்த்து வெட்டினோம். அவள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தாள். கொல்லையில் விறகு இறக்குகிறவர் சத்தம் கொடுத்தார். அவள் எழுந்து போனாள். கடைசித் தட்டு என் முன்னால் இருந்தது.

தாளை எடுத்தேன். நடுவில் கிழிந்திருந்தது. புதுத் தாள் சுருள் பரண்மேல் இருந்தது. ஏணியை எடுத்துப் போட்டு ஏறி இறங்க ஐந்து நிமிஷம் ஆகும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மதினி வந்து பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கிழிந்த தாளை அப்படியே தட்டின்மேல் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று நான் நடத்திய பாடம் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள கவர்ச்சி விசைகள். சர்க்கரை ஏன் ஈரத்தை இழுக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு, கடலைமிட்டாயையே உதாரணம் சொன்னேன். பிள்ளைகள் ரசித்தார்கள்.

நான் திரும்பி வந்தபோது மணி ஒன்றிருக்கும். அண்ணன் ஆறாவது தட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். காற்றில் தாள் ஒதுங்கிக் கிடந்தது. மிட்டாய்மேல் விரலை வைத்து எடுத்தான். விரலோடு நூல் வந்தது.

“இது யாருட்டி மூடாம விட்டது?”

அவன் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மதினியை மட்டும்தான் பார்த்தான். கேள்வியில் எனக்கு இடமே இல்லை. அவள் சமையல்கட்டு வாசலில் கையில் வடிதட்டோடு நின்றாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மறந்துட்டேன்” என்றாள் மதினி.

அவன் எழுந்த வேகத்தில் தட்டு கவிழ்ந்தது. முதல் அடி கையால், விரித்த உள்ளங்கையால், இடது காதோடு சேர்த்து விழுந்தது. நான் அதுவரை கேட்டதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம். இது பட்டாசு மாதிரி வெடித்தது. அவள் கதவு நிலையில் மோதி உட்கார்ந்தாள். கொண்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அதே காதில் அடித்தான். பிறகு உருளைக்கட்டையை எடுத்தான். தோளில் இரண்டு, முதுகில் மூன்று. அவள் கத்தவில்லை. கத்தினால் கூடும் என்று அவளுக்குத் தெரியும். காதிலிருந்து ஒரு கோடு ரத்தம் கழுத்தில் இறங்கி ஜாக்கெட்டுக்குள் போனது.

‘நான் விட்டது’ என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. பயந்துபோய்ச் சொல்லவில்லை என்றால் பொய். அவன் என்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. வைக்கமாட்டான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருந்தால் திட்டியிருப்பான், கட்டை கீழே போயிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஈரத்தைப் பற்றி இதே கூடத்தில் அவனுக்குப் பாடம் நடத்தினவள், எம்.எஸ்சி. படித்தவள், காலையில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுவிட்டு வந்தவள், தட்டை மூடாமல் போய்விட்டேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கம். அந்த வெட்கத்தை நான் விழுங்கி முடிப்பதற்குள் அவன் அடித்து முடித்துவிட்டான்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘மறந்துட்டேன்’ என்றுதானே சொன்னாள்? விறகுக்காரர் கூப்பிட்ட அவசரத்தில் தானே விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். எப்படி ஆனது என்று கேட்டார். “குளிக்கையில வழுக்கிட்டு” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அன்று முதல் அவளுக்கு இடது காது கேட்காது. கேட்காதது பெரிதில்லை, உள்ளே ரைஸ் மில் ஓடுவது மாதிரி இரைந்துகொண்டே இருக்கிறது என்பாள்.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்தேன். பாதிப் பேர் ஒரே தப்பை எழுதியிருந்தார்கள்: பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது. வருஷா வருஷம் இதே தப்பு. தீப்பெட்டியும் பட்டாசும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். உடைவதுதான் வெடிப்பது என்று மனதில் பதிந்திருக்கிறது. நான் விடைத்தாள் கட்டைத் தூக்கிப் பலகையில் அடித்தேன். தாள்கள் வகுப்பெல்லாம் பறந்தன. அண்ணனுக்கு இருக்கிற அதே கோபம்தான் எனக்கும், ஒரே ரத்தம். என் கையில் உருளைக்கட்டை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

“எந்தப் பிணைப்பும் தானா ஒடையாது. ஒடைக்கிறதுக்கு நீ ஆற்றல் குடுக்கணும். வெளியே இருந்து குடுக்கணும். குடுக்கலைன்னா அது அப்படியேதான் கிடக்கும், புரியுதா?” என்று கத்தினேன். முன்வரிசைப் பிள்ளை அழுதுவிட்டாள்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் மதினியைப் பற்றிச் சொல்கிற ஒரு வாசகம் உண்டு: இவ்வளவு அடி வாங்குகிறவள் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? ஏதோ கதவைத் திறந்தால் பறந்துவிடுவாள் என்கிற மாதிரி. போக ஒரு இடம் வேண்டாமா, கையில் ஒரு வேலை வேண்டாமா, ‘வா’ என்று சொல்ல ஒரு வாய் வேண்டாமா? அவள் கூடப்பிறந்தவர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் கூடவே இருந்தேன். சம்பளம் வாங்குகிறவள், நாலு இடம் தெரிந்தவள். என்னால் கொடுத்திருக்க முடியும். மூன்று வாரம் அவள் காதுக்குச் சொட்டு மருந்து மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று வாரம் கழித்து ஒரு காலை. பொட்டலம் போடுகிற பெண்கள் இன்னும் வரவில்லை. அண்ணன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பாகைக் கிண்டிக்கொண்டிருந்தான். நான் எதிர்ப்பக்கம் நீளக் கரண்டியால் நுரை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பதம் பார்க்கிற வாளி என் காலடியில். மதினி பலகையைத் துடைத்துக்கொண்டு, இடது பக்கம் அவனுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“மாவை எடு” என்றான்.

அவளுக்குக் கேட்கவில்லை. “ஏட்டி, மாவை எடுன்னேன்லா” என்றான். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து போய், கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். தரையில் அவள் முட்டி தேய்ந்தது. அடுப்புக்கு நேராகக் கொண்டுவந்து, சட்டிக்கு மேலே அவள் முகத்தை அமுக்கினான். பாகு கொதித்து, குமிழ் வெடித்து, ஒரு திவலை அவள் தாடையில் தெறித்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் கத்தினாள்.

“இப்பக் கேக்குதா? இப்பக் கேக்குதா ஒனக்கு?”

அவள் இரண்டு கையையும் அடுப்புத் திண்டில் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். கை வழுக்கிக்கொண்டே வந்தது. முகத்துக்கும் பாகுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்குமோ என்னவோ.

கை தவறிவிட்டது என்று சொல்லலாம், சிந்திவிட்டது என்று சொல்லலாம். நான் கரண்டி நிறைய மொண்டேன். அவள் தலையைப் பிடித்திருந்த கையின்மேல், முழங்கையிலிருந்து விரல்வரைக்கும், நிதானமாக ஊற்றினேன்.

கொதிக்கிற தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், பட்டதோடு போகும். பாகு ஓடாது. தண்ணீரைவிட எவ்வளவோ சூடு அது. பட்ட இடத்தில் தோலையே பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டு வேகவைக்கும். அவன் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. மதினியை விட்டுவிட்டான். இரண்டு எட்டில் வாளித் தண்ணீர் இருந்தது. அவன் அங்கே போகவில்லை. இருபது வருஷம் பாகு காய்ச்சினவன், நேராக மாவுத் தட்டுக்கு ஓடி, கையை மாவுக்குள் புதைத்தான்.

நல்ல புத்தி இருக்கும்போது கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான், தண்ணீர்தான் என்று. வலியில் அவனை நடத்தினது பழக்கம். ஒட்டினால் மாவு. மேலே மாவு அப்பிக்கொண்டது, அடியில் பாகு வெந்துகொண்டே இருந்தது. மறுகையால் அதை வழிக்கப் பார்த்தான். மாவோடு பாகும், பாகோடு தோலும் சேர்ந்து வந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீரில் முக்கினால் அந்த இழுப்பு நொடியில் விட்டுப்போகும் என்று அந்த வீட்டில் யாரைவிடவும் எனக்கு நன்றாகத் தெரியும். வாளி என் காலில் இடித்துக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை. நகரக்கூடாது என்று நினைத்தேன். வேகட்டும் என்றுகூட நினைத்தேன்.

மதினி என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். நான் சுவரில் போய் விழுந்தேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவன் கையைப் பிடித்து முழங்கைவரைக்கும் அதற்குள் அமுக்கினாள். அவன் திமிறினான், காலால் உதைத்தான். விடாமல் பிடித்துக்கொண்டாள். “கொல்லைத் தொட்டியில இருந்து இன்னும் தண்ணி கொண்டாட்டி!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அப்புறம்தான் எனக்குக் கால் நகர்ந்தது.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். தீப்புண் என்பதால் போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். “பாகு சிந்திட்டு சார், கைதவறி” என்றான் அண்ணன். கூடப்பிறந்த தங்கை ஊற்றினாள் என்று சொல்ல அவன் மானம் இடம் கொடுக்கவில்லை. போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். நான் இந்தத் தடவையும் தலையை ஆட்டினேன். இன்றுவரை அவன் என்னோடு பேசுவதில்லை. முழங்கை நிமிராது, மூன்று விரல் மடங்காது. பாகு காய்ச்ச ஆள் வைத்திருக்கிறோம்.

அந்த நாற்பது நாளும் மதினிதான் அவனுக்குச் சோறு ஊட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பல்லைக் கடிப்பேன். ஆனால் நான் செய்ததும் ஒன்று உண்டு: ஓட்டப்பிடாரம் பக்கம் என்னோடு படித்த ஒருத்தி இருந்தாள்; அவளிடம் பேசி, தங்க ஒரு அறையும் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீசில் ஒரு வேலையும் பிடித்தேன். மதினியிடம் சொன்னபோது ‘சரி’ என்றாள். அண்ணன் வீட்டுக்கு வந்து, தானே கரண்டி பிடித்துச் சாப்பிட ஆரம்பித்த மறுநாள், ஒரு பையில் நாலு சேலையை எடுத்து வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். எட்டயபுரம் வழியாக ஓட்டப்பிடாரம் போகிற பஸ் வந்து நின்றது; டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் அவளுடைய வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.

“மதினி, அன்னைக்கு எதுக்கு வாளியத் தூக்குனீய?”

“வெந்துட்டுல்லா. தண்ணிதான ஊத்தணும்.”

“அந்தக் கை ஒங்கள என்ன பாடு படுத்துச்சு!”

“வேகையில அதெல்லாமா தெரியும்? கைன்னுதான் தெரிஞ்சுது” என்றாள். அவள் தாடையில் அந்தத் திவலை பட்ட இடம் காசளவுக்கு வெளுத்திருந்தது.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனையோ தடவை வாய்வரைக்கும் வந்து திரும்பிப்போனது அப்போது வந்துவிட்டது.

“மதினி, அந்த ஆறாவது தட்டு... அதை மூடாம விட்டது நான்தான்.”

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா? எப்பம் தெரியும்?”

“அப்பமே தெரியும். அஞ்சை நான் மூடிட்டுத்தான போனேன்? ஆறாவது ஒங்கிட்டதான இருந்துச்சு.”

“அப்புறம் எதுக்கு மறந்துட்டேன்னு சொன்னீய?”

“எதையாவது சொன்னாத்தான அடி நிக்கும். நீன்னு சொன்னா மட்டும் விட்டுருவாவளாக்கும்? தங்கச்சி மேல பழி போடுதியான்னு அதுக்கு ரெண்டு சேத்து விழும்.”

பையைத் தரையில் வைத்தாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“நீ சொல்லுவேன்னு நெனச்சேன்ட்டி. முத அடி விழும்போது சொல்லிருவேன்னு நெனச்சேன். ரெண்டாவதுக்குச் சொல்லுவேன்னு நெனச்சேன். கட்டைய எடுக்கையிலயும் அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

நான் என்னத்தையோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அறைந்தாள். பருத்தி எடுத்த கை; காதோடு சேர்த்து இடி மாதிரி இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. பழக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். “என்ன தாயி, என்ன தாயி” என்று யாரோ ஓடிவந்தார்கள். எனக்கு வலித்தது, வலிக்க வலிக்க மனசு கொஞ்சம் லேசாவது போலவும் இருந்தது. ஒன்று போதாது, ஐந்தாறாவது விழவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டி நின்றேன்.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பை அங்கே இல்லை. அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், இடது காது என் பக்கமாக இருக்கும்படி. “மதினி” என்று கூப்பிட்டேன். பஸ் கிளம்புகிறவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.